வராத வண்டிக்குப் போட்ட கேட்

நாற்பத்திரண்டு வேகன்.
விடிந்தால் உத்திராபதி மேஸ்திரி வந்து நிற்பார்
கூலிப் பட்டியலுக்கு,
அவருக்குப் பின்னால் அறுபத்தெட்டு பேர்.

நான் அடிக்கிற எழுத்து
யோசித்து யோசித்து வருகிறது.
பக்கிரிசாமியில் 'ப' விழுந்து
மிச்சம் விழுவதற்குள்
சுவர்ப் பல்லி ஓர் ஈசலை முடித்துவிட்டது.
விசிறி மட்டும் இரைகிறது
ஈர நெல் காயவைக்கிற மெஷின் மாதிரி.

முதலில் கண்டவர் மேலெல்லாம் சந்தேகம்.
பிரவுசரை மூடினேன். அது இல்லை.
நிவேதா ஏற்றிவைத்த விளையாட்டை அழித்தேன்
(பன்னிரண்டாம் வகுப்பில் அவளுக்குக் கிடைத்த
அரசாங்க மடிக்கணினி.
விண்டோஸ் செத்த பிறகு
லினக்ஸ் போட்டு நான் வைத்துக்கொண்டேன்).
அதுவும் இல்லை.
தூசியோ என்று அடியைக் கழற்றி ஊதினேன்.
இரண்டு எறும்பும் ஒரு நெல்லும் வந்தன.

கறுப்புத் திரையைத் திறந்து
டாப் என்று தட்டினேன்.
யார் எவ்வளவு குடிக்கிறார்கள் என்று
வரிசையாக வந்தது.
தலைமாட்டில் ஒருவன், கே-வொர்க்கர்,
தொண்ணூற்றேழு சதவீதம்.
மூணாறு தலைப்பில்கூட
ஷட்டர் வைத்துத்தான் பங்கு பிரிக்கிறார்கள்.
என் கூலிப் பட்டியல்
பூஜ்யம் புள்ளி மூன்றில் கிடந்தது,
முறைத் தண்ணீர் எட்டாத கடைமடை.

கில் என்றேன்.
கில் மைனஸ் ஒன்பது என்றேன்.
எதிர்ப்பேச்சுகூட இல்லை.
கர்சர் அடுத்த வரிக்குப் போய்ச் சிமிட்டியது.
உரிமையாளர் பெயரைப் பார்த்தேன். ரூட்.
நான் கூட்டிவந்த ஆள் இல்லை இவன்,
கெர்னலின் சொந்த ஆள்,
ஏவிய வேலையைச் செய்கிறவன்.
சாகடிக்க முடியாது.
ஏவுவது யார் என்று கேட்கலாம்.

அந்நேரம் வெளியே கேட் போட்டார்கள்.
நாகூர் பஸ், கருவாட்டு லாரி,
அதன் பின்னால் இன்னொரு லாரி.
கூட்ஸ் எஞ்சின் முன்னே போய்ப் பின்னே வந்து
மறுபடி முன்னே போனது.

குறுக்கீடுகள் எழுதிய கோப்பைப் படித்தேன்,
எந்த மணி எத்தனை தடவை அடித்தது என்று.
பூஜ்யம், பூஜ்யம், ஒன்று, பூஜ்யம்.
பதின்மூன்றாம் மணியில் மட்டும்
முப்பத்தொரு லட்சத்துச் சொச்சம்.
சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்,
முப்பத்து நான்கு.

சார்ஜரைப் பிடுங்கினேன். ஓடியது.
மவுஸைப் பிடுங்கினேன். ஓடியது.
இடது கீல் போன மாசி மாதமே உடைந்து
சுவரில் சாய்ந்துதான் நிற்கும் திரை.
அதைச் சும்மா இரண்டு விரலால்
நிமிர்த்திப் பிடித்தேன்.
எண் நின்றது.
விட்டேன்,
ஓடியது.

அடப் பாவமே.
மூடியாச்சு திறந்தாச்சு மூடியாச்சு திறந்தாச்சு
நொடிக்கு ஆயிரம் தடவை
மூடி பொய் சொல்கிறது.
ஒவ்வொரு தடவையும் அவன்
எழுந்து ஓடிப்போய்ப் பார்க்கிறான்.
யாரும் இல்லை.
திரும்பி வந்து உட்காருமுன் மணி.
அவனைப் போய் ஒன்பது போட்டுக் கொல்லப் பார்த்தேன்.

பதின்மூன்றாம் மணியின் நாக்கைக் கட்ட
ஒரே வரி போதும்.
தட்டினேன்.
தொண்ணூற்றேழு, நாற்பது, ஒன்று.
வரிசையில் அவன் பெயர் எங்கே போனதோ.
விசிறி இறங்கி இறங்கி அடங்கியதும்
தவளைச் சத்தம் கேட்டது,
இவ்வளவு நேரமும் கத்தியிருக்கும்.
பக்கிரிசாமி முழுதாக வந்து உட்கார்ந்தார்.
கேட் எப்போது திறந்தது என்று தெரியாது.

காலையில் மேஸ்திரி விரல் வைத்து எண்ணினார்.
"அறுபத்தேழும்மா.
பக்கிரிசாமி ராத்திரி வேலைக்கே வரல."

அணைத்துப் போட்டால் என் வரி மறந்துபோகும்,
மறுபடி மணி அடிக்கும்.
அதனால் அணைக்கவில்லை.
திரையை அழுத்தி மூடிப் பையில் வைத்தேன்.
மூடியது அதற்கு இனித் தெரியாது.
கேட்டில் காத்து நிற்கையில்
தொடையில் சுட்டது பை,
உள்ளே இருட்டில்
பட்டியலைத் திறந்துவைத்துக்கொண்டு
தூங்காமல்.